அப்பாவின் 38 கேசட், கையில் 25,000 ரூபாய்: ஹெட்போனுக்கு எவ்வளவு போடலாம்?

தவில்வீடு:

வணக்கம். என் அப்பா தவில் வித்வான். மன்னார்குடி, திருவாரூர்ப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் அவர் வாசித்ததையெல்லாம் சித்தப்பா ஒரு சின்ன டேப் ரெக்கார்டரில் பிடித்து வைத்திருந்தார். 1986 முதல் 1994 வரை, மொத்தம் 38 கேசட். அப்பா இப்போது இல்லை. கேசட்டுகள் போன மாதம்தான் என் கைக்கு வந்தன. கம்ப்யூட்டரில் ஏற்றி, இரைச்சலைக் குறைத்து, அண்ணனுக்கும் அப்பாவிடம் கற்றவர்களுக்கும் கொடுக்க வேண்டும்.

சீட்டு எடுத்த பணத்தில் 25,000 ரூபாயை இதற்கென்று ஒதுக்கியிருக்கிறேன். இப்போது இருப்பது போனோடு வந்த இயர்போன். அதில் கேட்டால் நாகஸ்வரத்துக்குச் சுருதியாக ஊதும் ஒத்து எது, டேப்பின் 'ஸ்ஸ்' எது என்றே பிரிக்க முடியவில்லை. தவிலின் வலப்பக்கமான வலந்தலையில், கெட்டியான விரல்கூடு போட்ட விரல் விழுமே, அந்தச் சுருக்கென்ற சத்தம் மழுங்கி, அட்டைப் பெட்டியில் தட்டுவது போல இருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்து தினமும் அதைக் கேட்டு வளர்ந்தவள் நான். அது இப்படி இருக்காது.

திருச்சியில் ஒரு கடையில் 24,990 ரூபாய்க்கு ஒயர்லெஸ் ஹெட்போன் ஒன்றைக் காட்டினார்கள். வெளிச்சத்தம் துளிகூட வராது, இதற்குக் கீழே வாங்கினால் வீண் என்கிறார்கள். மொத்தப் பணத்தையும் அதில் போடலாமா? நான் வேலை செய்வது ராத்திரியில், ஹாலில். மகள் பக்கத்தில் தூங்குவாள், மேலே ஃபேன் ஓடும்.

எழும்பூர்க்காரன்:

வேண்டாம் சகோதரி. ஒயர்லெஸ் பயணத்துக்கு நல்ல பொருள். நீங்கள் செய்யப்போவது எடிட்டிங். புளூடூத்தில் சத்தம் சுருக்கப்பட்டு வருகிறது, கொஞ்சம் பிந்தியும் வருகிறது. திரையில் ஓடும் அலையும் காதில் விழுவதும் ஒட்டாது. எங்கே வெட்டுவது என்று தடுமாறுவீர்கள்.

நான் வைத்திருப்பது சென்ஹைசர் எச்டி 600. 1997-ல் வந்த மாடல். உயிரைக் கொடுப்பேன் அதற்கு. ஆனாலும் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். அது ஓபன் பேக். உள்ளே ஓடுவது மகளுக்குக் கேட்கும், ஃபேன் உங்களுக்குக் கேட்கும். மின்தடை 300 ஓம் என்பதால் பல லேப்டாப்புகளில் சத்தம் போதாது, சத்தத்தைக் கூட்ட தனியாக ஆம்ப் வேண்டும். மூடிய வகையில் ஆடியோ-டெக்னிகா எம்40எக்ஸ், சோனி எம்டிஆர்-7506 இரண்டையும் காதில் வைத்துப் பாருங்கள். சோனி 1991-லிருந்து ஸ்டுடியோக்களில் ஓடுகிறது, இரைச்சலைத் தெளிவாகக் காட்டிக்கொடுக்கும். ஆனால் அதன் ஒயரைக் கழற்ற முடியாது. எம்40எக்ஸில் கழற்றி மாற்றலாம். பத்தாயிரத்தை ஒட்டி முடிந்துவிடும்.

ரெக்கார்டிங்சென்டர்:

அம்மா, திருச்சியில் பதினாறு வருஷம் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தவன் நான். பாட்டு லிஸ்ட்டும் காலி கேசட்டும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து வாங்கிப் போவார்களே, அந்தக் கடை. தம்பி சொன்ன ஹெட்போன் சரி. ஆனால் 'அட்டைப் பெட்டி' என்று எழுதினீர்களே, அது இயர்போன் குற்றம் மட்டும் இல்லை. கூர்மையான சத்தம் மழுங்கினால் நான் முதலில் பார்ப்பது நாடாவைத் தொட்டுப் படிக்கும் ஹெட்டைத்தான். டேப்பிலிருந்து ஹெட் எடுக்காத சத்தத்தை ஒரு லட்ச ரூபாய் ஹெட்போனாலும் கொடுக்க முடியாது.

யுஎஸ்பி கேசட் பிளேயர் என்று மலிவாக விற்கும் பிளாஸ்டிக் டப்பாவை வாங்காதீர்கள். ஓட்டம் சீராக இருக்காது, நாகஸ்வரத்தின் நீண்ட கார்வை தள்ளாடும். பழைய கேசட் டெக் ஒன்று தேடுங்கள். பெல்ட் மாற்றச் சொல்லுங்கள். ஹெட்டையும் ரப்பர் ரோலரையும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் தொட்ட பட்ஸால் துடையுங்கள். பட்ஸில் காப்பிப்பொடி நிறத்தில் அழுக்கு வரும், வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும்.

அப்புறம் ஹெட் அலைன்மென்ட். சித்தப்பாவின் ரெக்கார்டர் அநேகமாக மோனோ, அதாவது ஒரே தடத்தில் பதிவது. அந்தக் கேசட்டை ஸ்டீரியோ டெக்கில் போட்டால் இரண்டு பக்கமும் ஒரே சத்தம் வர வேண்டும். ஹெட் மயிரிழை சாய்ந்திருந்தாலும் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். இரண்டையும் சேர்த்தால் கூர்மையெல்லாம் அடிபட்டுப்போகும். ஹெட்டின் ஓரத்தில் ஸ்பிரிங் போட்ட குட்டி ஸ்க்ரூ இருக்கும். சத்தத்தை மோனோவில் வைத்து, கைத்தாளம் நன்றாகக் கேட்கும் இடத்தில், காந்தமில்லாத ஸ்க்ரூடிரைவரால் துளித்துளியாகத் திருப்புங்கள். தாளத்தின் 'கிணுக்' எங்கே பளிச்சென்று வருகிறதோ அங்கே நிறுத்துங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

டெக்கின் சத்தத்தை லேப்டாப்புக்குள் ஏற்ற பெஹ்ரிங்கர் யூசிஏ202 போன்ற சின்னப் பெட்டி போதும், ஹெட்போனையும் அதிலேயே சொருகலாம். பதியவும் எடிட் செய்யவும் ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம். இரைச்சலை எடுக்காத மூலப் பதிவை வேவ் கோப்பாகத் தனியாக வையுங்கள். சிடி தரத்தில் நிமிஷத்துக்குப் பத்து எம்பி போல ஆகும், 90 நிமிஷக் கேசட் ஒரு ஜிபிக்குள் அடங்கும். இரைச்சலை ரொம்ப உறிஞ்சினால் ஒத்தும் கூடவே போய்விடும்.

காதுமானி:

காது பரிசோதனை செய்யும் வேலையில் இருக்கிறேன். இரைச்சலுக்குள் ஒன்றைத் தேடும்போது கை தானாக வால்யூமைக் கூட்டும். பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம், 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. அதற்கு மேலே சத்தம் கூடினால் நேரம் வேகமாகக் குறையும். கேசட்டின் ஒரு பக்கம் முடிந்ததும் காதுக்குப் பத்து நிமிஷம் ஓய்வு கொடுங்கள்.

விலை பற்றியும் ஒன்று. ஜெரோன் ப்ரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை எடுத்துப் பார்த்து 2017-ல் எழுதினார். அதிர்வெண் வாரியாகச் சத்தம் எப்படி வருகிறது என்பதற்கும் விலைக்கும் தொடர்பு தென்படவில்லை. அந்தக் கடையில் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

தவில்வீடு:

மூவருக்கும் நன்றி. ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். சென்னை ரிச்சி தெருவில் அலைந்து பழைய டெக் ஒன்று 5,500-க்கு வாங்கினேன். பெல்ட், சர்வீஸ் 1,800. எம்40எக்ஸ் 9,400. பெஹ்ரிங்கர் 3,200. ஆக 19,900. மீதியில் ஹார்ட் டிஸ்க் வாங்கப்போகிறேன்.

ஐயா, அந்த ஸ்க்ரூவை நீங்கள் சொன்னபடி திருப்பினேன். கால் சுற்றுகூட இருக்காது. தாளம் எழுந்து வந்தது, அதன் பின்னாலேயே வலந்தலை வந்தது. அப்பாவின் விரல்தான். அன்றைக்கு அதற்கு மேல் வேலை ஓடவில்லை.

11-ஆம் கேசட், 1989, தெப்பத்திருவிழா. அண்ணன்தான் தாளம் போடுகிறான், அவனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. தவில் தனி ஆவர்த்தனம் தொடங்கும் முன் அப்பா மெல்லிய குரலில் "இழுக்காதே" என்கிறார். இயர்போனில் இது கேட்கவே இல்லை. அந்த எட்டு விநாடியை மட்டும் வெட்டி அண்ணனுக்கு அனுப்பினேன். ராத்திரி பதினொன்றரைக்கு போன் செய்தான், இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

இன்னும் ஒரு சந்தேகம் ஐயா. 23-ஆம் கேசட்டில் நாடா ஒரு இடத்தில் மடிந்து நசுங்கியிருக்கிறது, ஒரு சாண் நீளம் இருக்கும். அப்படியே ஓட்டலாமா, நாடாவை வேறு கேசட் கூட்டுக்கு மாற்றிவிட்டு ஓட்டுவதா?