10 மிமீ ஓட்டை, 300 மிமீ ஆழம்: கன்டிரிலா, நீள கார்பைடு டிரில்லா?

மில்லர்_40:
மெட்டீரியல் 4140 அலாய் ஸ்டீல், கடினம் 28-30 எச்ஆர்சி (ராக்வெல் சி அளவு). ஹாரிசாண்டல் மெஷின், ஸ்பிண்டில் வழியா கூலண்ட், அழுத்தம் 20 பார். ஓட்டைச் சுவரோட சொரசொரப்பு ஆர்ஏ 0.8 மைக்ரானுக்குள்ள வேணும். 220 ஆழத்துல 8 மிமீ குறுக்கு ஓட்டை ஒண்ணு வந்து சேருது. எந்த டூல் போடலாம்?

நேர்துளை:
கன்டிரில்தான், ஆழ ஓட்டைக்குன்னே இருக்கிற நீள டிரில். ஒரே வெட்டு முனை, எதிர்ப்பக்கம் ரெண்டு தாங்குபட்டை. அந்தப் பட்டை சுவரைத் தேய்ச்சு மெருகேத்திட்டே போறதால 0.8 ஃபினிஷ் கிடைக்கும். வெட்டு ஸ்பீட் நிமிஷத்துக்கு 75 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 2400 ஆர்பிஎம். பீட் (டூல் முன்னேறுற அளவு) சுத்துக்கு 0.03 மிமீ. ஒரு ஓட்டைக்கு நாலு நிமிஷம் சொச்சம். பெக், அதாவது நடுவுல டூலைப் பின்னுக்கு இழுத்து இழுத்துப் போடறது, கூடவே கூடாது.

சிப்பிரேக்கர்:
20 பார்ல 10 மிமீ கன்டிரிலா? சிப் (வெட்டுத்துகள்) வெளிய வராதுங்க. ஷேங்க்ல (டூலோட தண்டுல) இருக்கிற வி பள்ளம் நேரானது, சிப்பைத் தள்றது முழுக்க கூலண்ட்தான். 40-50 பாராவது வேணும். ரெண்டு சிப் பட்டைக்கடியில மாட்டினா சுவர் கீறும், அடுத்தது முனை போகும். 30டி (விட்டத்தைப் போல 30 மடங்கு ஆழம்) கார்பைடு டிரில்ல ஃப்ளூட்டே, அதாவது சுருள் பள்ளமே, சிப்பை இழுத்து வெளிய தள்ளும். 65 மீட்டர், சுத்துக்கு 0.18 பீட், ஒரு நிமிஷத்துக்குள்ள ஓட்டை முடிஞ்சிரும்.

நேர்துளை:
வேகம் சரி. 0.8 எப்படி வரும்? ஓட்டையை மெருகேத்துற ரீமர் போட்டாலும் அது டிரில் போன வழியிலேயேதான் போகும், கோணலை நிமிர்த்தாது. கன்டிரில் விலகல் சாதாரணமா 1000 மிமீக்கு 1 மிமீக்குள்ள நிக்கும். தனி பம்ப் வச்சு 50 பாரும், 20 மைக்ரான் ஃபில்டரும் கொடுங்க. எமல்ஷன்னா 10-12 சதம், அதுக்குக் கீழ போனா பட்டை காயும்.

சிப்பிரேக்கர்:
விலகலைத் தீர்மானிக்கிறது பைலட் ஓட்டை, அதாவது நீள டிரில்லுக்கு வழிகாட்ட முதல்ல போடற சின்ன ஆழ ஓட்டை. 20 ஆழம், விட்டம் 0.02 கூட. பைலட் டிரில் முனைக்கோணம் நீள டிரில்லுக்குச் சமமாவோ கூடவோ இருக்கணும். குறைஞ்சா ஓரம் முதல்ல இடிச்சு சில்லு பெயரும்.

நேர்துளை:
பைலட் விஷயத்துல மாற்றுக்கருத்தே இல்லை. கன்டிரிலுக்கும் 0.1 லூஸ் கொடுத்தா முனை ஆடி வாய் அகன்றுடும். நுழையும்போது 100 ஆர்பிஎம்முக்குள்ள வையுங்க, அடியிலிருந்து 1 மிமீ முன்னாடி நிறுத்தி, கூலண்ட் திறந்து, அப்புறம் ஸ்பீட் ஏத்துங்க. நீள டூலை ஓட்டைக்கு வெளிய முழு ஸ்பீட்ல சுத்த விட்டா வளைஞ்சு அடிக்கும், ஆளுக்கே ஆபத்து. முடிஞ்சதும் ஸ்பிண்டிலை நிறுத்திட்டு வெளிய எடுங்க.

மில்லர்_40:
குறுக்கு ஓட்டையை முதல்லயே போட்டாச்சுன்னா?

சிப்பிரேக்கர்:
218லிருந்து பீடைப் பாதியாக்குங்க, 232 தாண்டினதும் பழையபடி. அதுக்கப்புறம் கூலண்ட் அந்த வழியாவும் ஒழுகும்.

நேர்துளை:
கன்டிரில்னா அது போதாது, அந்த வாயை அடைச்சாகணும். இல்லைன்னா கடைசி 70 மிமீ சிப் தேங்கிடும். இன்னும் போடலைன்னா 300 முடிஞ்சதும் போடுங்க, உள்பக்கப் பிசிறை மட்டும் தனியா எடுத்தா போதும்.