நடு வயதில் பாட்டெழுத வருகிறவர்களுக்கு: கூட வாசிக்கிறவர்கள் சொல்வது

கும்பகோணம், ஆர்மோனியம்:
வயதான பிறகு பாட்டெழுத வருகிறவர்கள் பெரும்பாலும் கவிதையை முடித்துத் தாளோடு வருவார்கள். அதற்கு மெட்டுப் போட்டால் வரி ஒரு பக்கமும் தாளம் ஒரு பக்கமும் இழுக்கும். முதலில் மெட்டு, பிறகு சொல். பாடகரைத் 'தன்னானே' போட்டுப் பாடச் சொல்லிப் போனில் பதியுங்கள். சுருதி எத்தனை கட்டை (பாடுகிறவரின் அடிப்படைக் குரல் உயரம்) என்பதையும் அதிலேயே சொல்லிவிடுங்கள். ஆண் குரல் 1, 2 கட்டையில் பாடும். பெண் குரல் 5, 5½ என்று போகும். மேல் ஸ்தாயியில் ஆ, ஓ திறந்து ஒலிக்கும். இ, உ தொண்டையைப் பிடிக்கும். மெட்டு உச்சிக்குப் போகும் இடத்தில் 'காவேரி' சுகமாக நிற்கும், 'புதிது' திணறும்.

திருவையாறு, மிருதங்கம்:
கணக்கு வராமல் ஒன்றும் வராது, சார். குறில் 1 மாத்திரை (ஒலிக்கும் நேர அளவு), நெடில் 2, குறிலோடு ஒற்று சேர்ந்தால் 2. மிஸ்ர சாப்பு தாளம் 7 மாத்திரை: தகிட (3), தகதிமி (4). 'உழவு முடியுது, நடவு தொடருது' என்று போட்டால் ஏழு ஏழாக அப்படியே உட்காரும். அதே இடத்தில் 'நாற்றங்கால்' போட்டுப் பாருங்கள். நாற், றங், கால்: 2+2+2, மொத்தம் 6. ஒரு மாத்திரை குறைவது பெரிதில்லை, பாடகர் இழுத்துச் சமாளிப்பார். நான்காம் மாத்திரையில் விழ வேண்டிய தட்டு 'றங்' என்ற அசையின் நடுவில் விழுவதுதான் வம்பு. சொல் உடைந்து கேட்கும். 'நாற்று வளருது' என்று மாற்றினால் 3+4 சரியாகிவிடும்.

ஆதி தாளத்தில் 8 அட்சரம் (தாள எண்ணிக்கை). அட்சரத்துக்கு 4 என்று வைத்தால் ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளம் ஒரு சுற்று வர, 32 மாத்திரை. அத்தனையையும் எழுத்தால் அடைக்காதீர்கள். கமகத்துக்கும் (சுரத்தை அசைத்துப் பாடுவதற்கும்) மூச்சுக்கும் எங்கே இடம்? எடுப்பு, அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம், அரை இடம் தள்ளி இருந்தால் சரணத்தின் கடைசிச் சொல் அதற்கு முன்பே முடிந்தாக வேண்டும். பொருளும் பல்லவியின் முதல் சொல்லோடு போய் ஒட்ட வேண்டும். இந்த ஒட்டைத்தான் பலரும் மறக்கிறார்கள். தாளக்காரரிடம் "நல்லா இருக்கா?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் சொல்வார். "தட்டு எந்த எழுத்தில் விழுது?" என்று கேளுங்கள்.

மாயவரம், வாய்ப்பாட்டு:
கார்வை (ஒரு சுரத்தில் நீட்டி நிற்பது) வரும் இடத்தில் குறில் வேண்டாம். 'கலம் நெல்' என்று எழுதியதை இழுத்தால் 'காலம் நெல்' ஆகிவிடும். குறில்தான் வேண்டும் என்றால் பின்னால் ம், ன், ல் வரட்டும். 'பொன்னி'யில் ன் மேல் நிற்கலாம். க், ட், ப் மேல் யாராலும் நிற்க முடியாது. எதுகைக்காகப் பழஞ்சொல்லைத் தேடிச் செருகுவதும் வேண்டாமே, கேட்கிறவருக்கு அகராதி தேவைப்படும்.

சீர்காழி, வயலின்:
எங்கள் ஊர் அருணாசலக் கவிராயர் (1711–1779) காசுக்கடை வைத்துப் பிழைத்தவர். இராம கதையைக் கீர்த்தனைகளாக எழுதியபோது இசையமைக்கத் துணை நின்றவர்கள் சட்டநாதபுரத்துச் சீடர்கள் இருவர். ஆகவே உதவி கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஆனால் யார் என்ன செய்தார் என்பதை முதல் நாளே எழுதி வையுங்கள். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி வரி இலக்கியப் படைப்பு, மெட்டு இசைப் படைப்பு, உரிமை தனித்தனி. பதிவுக் கோப்பின் பெயரிலேயே தேதி, ராகம், தாளம், எழுதியவர் பெயர், மெட்டுப் போட்டவர் பெயர் எல்லாம் இருக்கட்டும்.