கடைசிப் படகு போன பிறகு: நெடுந்தீவில் எடுத்த படங்கள்

நெடுந்தீவான்

இந்தக் குழுமத்தில் பிறந்த ஊரைப் படமெடுக்கப் போன கதையை எல்லாரும் எழுதுகிறீர்கள், என் பங்குக்கும் ஒன்று. நான் யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் கிடக்கிற நெடுந்தீவில் பிறந்தவன். ஒன்பது வயதில் படிப்புக்காக யாழ்ப்பாணம் ரவுணுக்கு வந்தேன். பிறகு நல்லது கெட்டதுக்குப் போய்வருவதோடு சரி. இந்த முறை அம்மா, மனிசி, பிள்ளைகள் இரண்டு பேர், ஒரு கமராப் பை என்று கூட்டமாய்ப் போனோம்.

நெடுந்தீவுப் படங்களை இணையத்தில் தேடிப் பாருங்கள். பெருக்குமரம் (பேயோபாப்), குதிரை, கோட்டை எல்லாமே உச்சி வெயிலில் வெளுத்துப்போய்த்தான் கிடக்கும். எடுத்தவர்களில் பிழை சொல்ல மாட்டேன், பிழை படகு நேரத்தில். காலையில் குறிகட்டுவான் துறையில் படகேறினால் ஒரு மணித்தியாலக் கடல். இறங்கும்போதே வெயில் ஏறிவிடும். பின்னேரம் மூன்று மணிபோல் கடைசிப் படகுக்கு ஓடவேண்டும். ஓட்டோக்காரர் சுற்றிக்காட்டுவதெல்லாம் அந்த நடுவெயிலுக்குள்தான். நல்ல வெளிச்சம் விழுகிற நேரத்தில் வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் படகில் இருப்பார்கள். அதனால் சின்னம்மா வீட்டில் ஓர் இரவு தங்குவதென்று முதலே முடிவு.

போகிற வழியில் பண்ணைப் பாலத்தில், மீன்பிடிக்கக் கடலில் நட்ட களங்கண்ணித் தடிகளைப் படமெடுக்கவேண்டும் என்று வான் வண்டியை நிறுத்தினேன். வாணர் பாலத்தில் இரண்டாம் முறை நிறுத்தச் சொல்ல, "படகு போனால் உங்கடை கமராவிலை ஏறிப் போறதோ?" என்று மனிசி கேட்டார். அதோடு குறிகட்டுவான் வரை கமரா பைக்குள்.

நாங்கள் போனது ஆடி மாதம். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்றுப் பிடித்த கடல். மாசி, பங்குனி என்றால் கடல் தட்டாகக் கிடந்திருக்கும், ஆனால் பள்ளிக்கூட விடுமுறையைக் கேட்டா காற்று அடிக்கிறது? உள்ளே இருக்கச் சொல்லியும் கேளாமல் வெளியே நின்றேன். நயினாதீவு வலப்பக்கம் ஒதுங்கினதுதான் தாமதம், ஓர் அலை எழும்பி முகத்திலும் லென்ஸிலும் சேர்த்து அறைந்தது. அது காய்ந்த பிறகு அவசரத்தில் சேட்டு நுனியால் துடைத்தேன். காய்ந்த உப்பு அரமாதிரி, வட்டம் வட்டமாய்க் கீறல். நல்லகாலம், கீறல் விழுந்தது முன்னால் பூட்டியிருந்த ஃபில்டரில். "நல்ல தண்ணி ஊத்திக் கழுவிப்போட்டெல்லோ தம்பி துடைக்கவேணும், நான் மூக்குக்கண்ணாடிக்கு அப்பிடித்தான் செய்யிறனான்" என்று படகில் நின்ற அண்ணை ஒருவர் சொன்னார். லென்ஸ் பராமரிப்புப் பற்றி நான் பார்த்த எத்தனையோ வீடியோக்களில் இல்லாத விஷயம்.

நடுக்கடலில் அம்மா கதையை நிறுத்திவிட்டுச் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டார். 1985 மே 15 குமுதினிப் படகில் நடந்த படுகொலையை எங்கள் ஊரில் யாருக்கும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. மூத்தவள் அம்மாவின் பக்கம் கமராவைத் திருப்பினாள். வேண்டாம் என்று தலையசைத்தேன், கீழே வைத்துவிட்டாள். மாவிலித்துறையில் இறங்கி, நினைவுத்தூபியடியில் கொஞ்ச நேரம் நின்ற பிறகுதான் அம்மா வாய் திறந்தார்: "ஓட்டோவுக்கு எவ்வளவு கேக்கிறான்?"

நடுவெயில் சுற்றை வேகமாக முடித்தோம். பெருக்குமரப் பொந்துக்குள் பிள்ளைகள் நின்ற படம், கோட்டைச் சுவர், புறாமாடம். எல்லாரிடமும் இருக்கும் அதே படங்கள்தான்.

பின்னேரம் ஐந்து மணிக்கு மேல்தான் ஊர் வேறாகத் தெரிந்தது. எங்கள் ஊர் வேலியைப் பார்க்காதவர்களுக்கு ஒரு சொல்: யாழ்ப்பாணத்தில் கிடுகும் கிளுவையும் என்றால் நெடுந்தீவில் கல். சீமெந்து இல்லை, களிமண் இல்லை, கடற்கல்லைச் சும்மா அடுக்கிவிடுவது. பயிர்வைக்க நிலத்தைத் துப்புரவாக்கும்போது கிளம்புகிற கல்லை எங்கே கொட்டுவது? அதுவே வேலி. இடைவெளிக்குள்ளால் காற்றுப் போய்விடுவதால் சோளகத்துக்கும் சரியாது, ஆடு பாய்ந்து விழுத்தினால் பார்த்தவர் எடுத்து வைத்துவிட்டுப் போவார் என்றார் சின்னம்மா. பகலில் அந்த மதில் வெறும் வெள்ளைக் குவியல். வெயில் சாய்ந்து பக்கவாட்டில் விழத் தொடங்கியதும் ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் நிழல் இறங்கிவிட்டது. ஒரு கல்லில் மூளை மடிப்புப்போல வரி, பக்கத்துக் கல்லில் நட்சத்திரம் நட்சத்திரமாய்க் குழி. ஒரு காலம் கடலுக்கடியில் உயிரோடு கிடந்த பவளம் என்று மூத்தவளுக்குச் சொன்னேன். அவ்வளவுதான், குந்தியிருந்து 61 படம் எடுத்தாள், அத்தனையும் கல். சின்னம்மாவுக்குத் தாங்கவில்லை. "இவ்வளவு தூரம் வந்து கல்லையே படமெடுக்கிறாய் மோனை? உள்ளுக்கு வந்து தேத்தண்ணியைக் குடி."

சின்னவனுக்குக் குதிரைதான் வேண்டும். போர்த்துக்கேயர் கொண்டுவந்தது, ஒல்லாந்தர் லாயம் கட்டி வளர்த்தது, ஆங்கிலேயர் காலத்தில் நோலன் துரை பார்த்துக்கொண்டது என்றெல்லாம் அவனுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். அம்மாவின் வரலாறு வேறு. "உதுகள் இரவிலை வந்து பயிரைத் திண்டுபோட்டுப் போயிடும். கல்லெறிஞ்சு கலைக்கிறதுதான் எங்களுக்கு வேலை."

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னம் வெளியில் பதினைந்து இருபது மட்டக்குதிரைகள் வந்தன. கோடையில் தண்ணீர் தேடி அலைகிற நேரம், விலா எலும்பு தெரிந்தது. சூரியன் அவற்றுக்குப் பின்னால், காலடியில் கிளம்பின புழுதி முழுக்கப் பொன்னிறம். சின்னவன் மூச்சை அடக்கிக்கொண்டு என் சேட்டைப் பிடித்தபடி நின்றான். பதினொரு படம் எடுத்தேன். இப்படியொரு வெளிச்சம் எனக்கு இதற்கு முன் கிடைத்ததில்லை. ஒரு குட்டி கூட்டத்தை விட்டு எங்கள் பக்கம் நடந்து வந்தது. கிட்ட, இன்னும் கிட்ட. நான் முழங்காலில் இருந்துகொண்டேன்.

நாங்கள் சாத்தாமல் விட்ட படலையை நோக்கித்தான் அது போகிறது என்பது எனக்கு விளங்கவில்லை. அம்மாவுக்கு விளங்கிவிட்டது. "சூ! சனியனே!" என்று ஒரு சத்தம், என் தலைக்கு மேலால் ஒரு கல். பன்னிரண்டாவது படத்தில் புழுதியும் ஒரு வாலும், ஓரத்தில் வளையல் போட்ட ஒரு கையும்.

பாதைக்காரி

சிரித்து முடியவில்லை. நான் ஊர்காவற்றுறை. ஒல்லாந்தர் உங்கள் ஊருக்கு வைத்த டெல்ஃப்ட் என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. எங்கள் தீவுக்கு லைடன், காரைநகருக்கு ஆம்ஸ்டர்டாம், நயினாதீவுக்கு ஹார்லெம் என்று வைத்ததெல்லாம் பழைய வரைபடத்தோடு போய்விட்டது. எங்கள் பக்கத்தில் படமெடுக்க என்றால் கடற்கோட்டை. காரைநகருக்குப் போகும் பாதையில் (ஆட்களையும் சைக்கிளையும் ஏற்றும் மிதவை) ஏறினால் கண்முன்னால் தண்ணீருக்குள் நிற்கும். அதற்கு ஒல்லாந்தர் வைத்த பெயர் ஹம்மன்ஹீல், பன்றித்தொடையின் குதிக்கால் என்று அர்த்தமாம். இலங்கையின் உருவம் அவர்களுக்குப் பன்றித்தொடையாகத் தெரிந்திருக்கிறது, பசியில் இருந்தார்களோ என்னவோ.

அண்ணா கனடாவிலிருந்து ட்ரோன் கொண்டுவந்தார், கோட்டையை மேலிருந்து எடுக்கவென்று. அனுமதி எடுக்காமல் இங்கே பறக்கவிடக்கூடாது என்பது வந்த பிறகுதான் அவருக்குத் தெரியும். பெட்டி பிரிக்காமலே திரும்பிப் போனது. அன்று பாதையில் சைக்கிளோடு நின்ற ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை, "அக்கா இந்தப் பக்கம் வாங்கோ, கயிறு படாமல் வரும்" என்று இடம் விட்டாள். தினமும் ஏறி இறங்குகிறவள், எந்த மூலையில் நிற்கவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஃபோனில் எடுத்தேன். வீட்டுச் சுவரில் இருப்பது அதுதான்.

வடக்குக் கிணற்றடி

நாங்கள் புங்குடுதீவு. 91-இல் ஊரை விட்டு வெளிக்கிட்ட குடும்பம். போன வருடம் அப்பாவோடு போனேன். வீட்டுக்குக் கூரை இல்லை, உள்ளே வேம்பு நிற்கிறது. எது எங்கள் வளவு என்று அப்பாவுக்கே பிடிபடவில்லை, கிணற்றுக் கட்டைத் தடவிப் பார்த்துத்தான் இதுதான் என்றார். கட்டில் ஓரிடத்தில் கயிறு உராய்ந்த பள்ளம், இரண்டு விரல் ஆழம் இருக்கும். அதற்குள் அவர் விரலை வைத்தார். அதைப் படமெடுத்துக்கொண்டு நிற்க, ஆடு சாய்த்துக்கொண்டு வந்த ஐயா ஒருவர் மதிலுக்கு வெளியே நின்று, "காணி விக்கப்போறியளோ?" என்று கேட்டார். தீவுப்பக்கம் கமராவோடு வளவுக்குள் நின்றால் ஒன்றில் வெளிநாட்டுக்காரன், இல்லாவிட்டால் புரோக்கர். அப்பா "இல்லை அண்ணை, சும்மா பாக்க வந்தனாங்கள்" என்றார். "பாக்கிறதுக்கு என்ன கிடக்கு?" என்று கேட்டுவிட்டு ஐயா போய்விட்டார். போகும்போது எங்கள் தலைவாசல் வழியால்தான் போனார், ஆடுகளும் பின்னால். தினமும் அந்த வழிதான் போல.

நெடுந்தீவான், குதிரைக்குட்டிக்கு அடிபட்டதா? அதை எழுதவில்லையே.

நெடுந்தீவான்

இல்லை, அம்மாவுக்குக் குறி தப்பிவிட்டது. அடுத்த நாள் காலைப் படகுக்கு முன்னம் பார்த்தால் சின்னம்மாவின் கத்தரிக்கன்று இரண்டைக் காணோம். படலையைத் திறந்துவிட்டது நான்தான் என்று அம்மா இன்றுவரை சொல்கிறார். மூத்தவள் என்று எனக்குத் தெரியும், நான் வாயைத் திறக்கவில்லை.