புதுப்பிப்பு: 41 வயதில் பரு, அடபலீன் பூசி 12 கிழமை

பருவும் சுருக்கமும் ஒண்டா வந்தா என்ன பூசுறது எண்டு மூண்டு மாதத்துக்கு முன்னம் கிளிநொச்சியிலயிருந்து கேட்டிருந்தன். வவுனியாவில தோல் வைத்தியரிட்டக் காட்டி, 0.1% அடபலீன் ஜெல் (வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த பரு மருந்து) தொடங்கினன். முழு முகத்துக்கும் ஒரு பட்டாணியளவு, முகம் நல்லாக் காய்ஞ்ச பிறகு, முதலில கிழமைக்கு மூண்டு இரவு மட்டும். மூண்டாம் கிழமை தோல் உரிஞ்சு பருவும் கூடிச்சு, அழுகையே வந்திட்டுது. அப்ப “விட்டிடாதேங்கோ” எண்டு எழுதின அக்காவுக்கு நன்றி. இப்ப புதுப் பரு எப்பவாவதுதான் வருது. சுருக்கம் அப்பிடியேதான் கிடக்கு, அதுக்கு இன்னும் கன மாதம் வேணும். பகலில எஸ்.பி.எஃப் 50 சன்ஸ்கிரீன், வயலுக்குப் போனாத் தொப்பியும். முகத்துக்குத் தேங்காயெண்ணெய் நிப்பாட்டிட்டன், அது தோல் துளையை அடைக்கும். பிள்ளை எதிர்பார்க்கிற ஆக்கள் அடபலீன் தொடவேண்டாம். அதுக்குப் பதிலா அசெலாயிக் அசிட் (பருவுக்குப் பூசுற இன்னொரு மருந்து) சரிவருமோ எண்டு வைத்தியரிட்டக் கேளுங்கோ.