கிட்: ரிமோட்டில் புதிய கமிட்டுகள் இருந்தும் ‘அப் டு டேட்’ என்கிறது, உதவி தேவை

மண்டபம்:
வணக்கம். நண்டும் இறாலும் வாங்கும் கடை ஒன்றுக்கு எடைக்கணக்கு மென்பொருள் எழுதி வருகிறேன். கூட எழுதும் நண்பர் கீழக்கரையில் இருக்கிறார். நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் ‘கிட்’ கருவியைப் பயன்படுத்துகிறோம். நேற்று இரவு அவர் மூன்று கமிட்டுகளை (மாற்றப் பதிவுகளை) இணையத்தில் உள்ள ரிமோட்டுக்கு, அதாவது வேறிடத்தில் இருக்கும் பிரதிக்கு, புஷ் செய்தார் (அனுப்பினார்). இணையத்தில் திறந்து பார்த்தால் எனக்கும் தெரிகின்றன. ஆனால் என் கணினியில் ‘கிட் ஸ்டேட்டஸ்’ கொடுத்தால் கிளை (நான் வேலை செய்யும் கமிட்டுகளின் வரிசை) ‘அப் டு டேட்’, அதாவது புதிதாக எதுவும் இல்லை, என்றே வருகிறது. விடிந்தால் படகுகள் கரைக்கு வந்துவிடும். பழைய விலைக் கணக்கைக் கடையில் நிறுவ எனக்கு மனமில்லை. களஞ்சியத்தின் (நிரலும் அதன் கமிட்டுகளும் இருக்கும் இடத்தின்) நிலையையும் ரிமோட்டுகளையும் ஒரே பார்வையில் பார்க்க வழி உண்டா? அண்ணன்மார், அக்காமார் யாரேனும் சொல்லுங்கள்.

தொண்டி:
தம்பி, ‘ஸ்டேட்டஸ்’ இணையத்துக்குப் போவதே இல்லை. கடைசியாக ஃபெட்ச் செய்தபோது (ரிமோட்டின் புதிய கமிட்டுகளை இறக்கியபோது) ரிமோட் எப்படி இருந்ததோ, அந்தப் பதிவோடு ஒப்பிட்டுத்தான் சொல்கிறது. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றுகிறார்களே, அதுபோலத்தான்: புதுத் தகவல் வந்து மாற்றும்வரை பழைய எண்தான் தொங்கும். ‘கிட் ஃபெட்ச் --ஆல்’ கொடுங்கள். பயம் வேண்டாம், நீங்கள் திருத்திக்கொண்டிருக்கும் கோப்புகளை ஃபெட்ச் தொடாது. பிறகு ‘கிட் ஸ்டேட்டஸ் -எஸ்பி’. கிளை எது, எந்த ரிமோட் கிளையோடு ஒப்பிடுகிறது, எத்தனை கமிட் முன்னே, எத்தனை பின்னே என்பதெல்லாம் முதல் வரியிலேயே வந்துவிடும்.

மண்டபம்:
செய்தேன் அண்ணா. ஃபெட்ச் புதிய கமிட்டுகளைக் கொண்டுவந்தது. ஆனாலும் ஸ்டேட்டஸ் முன்னே, பின்னே என்று எதுவும் சொல்லவில்லை. ‘கடை’ என்ற ரிமோட்டை எட்ட முடியவில்லை என்று ஒரு பிழையும் வந்தது. அது பென் டிரைவ். சிக்னல் கிடைக்காத நாள்களுக்காக வைத்திருக்கிறேன். இப்போது செருகவில்லை.

இராமநாதபுரம்:
தம்பி, அந்தப் பென் டிரைவின் மேல்தான் எனக்குச் சந்தேகம். ‘கிட் ரிமோட் -வி’, ‘கிட் பிராஞ்ச் -விவி’ இரண்டையும் கொடுத்துப் பாருங்கள். முதலாவதில் ஒவ்வொரு ரிமோட்டும் இரண்டு வரியாக வரும். எடுக்கும் முகவரியும் அனுப்பும் முகவரியும் வேறாக இருக்கலாம் என்பதால் அப்படி. இங்கே முக்கியம் இரண்டாவதுதான். மெயின் கிளைக்குப் பக்கத்தில் சதுர அடைப்புக்குள் என்ன பெயர் இருக்கிறது?

மண்டபம்:
‘கடை/மெயின்’ என்று இருக்கிறது அக்கா! முதன்முதலில் புஷ் செய்த அன்று இணையம் இல்லை. பென் டிரைவுக்குத்தான் ‘-யு’ போட்டு அனுப்பினேன்.

இராமநாதபுரம்:
அதுதான் காரணம். அந்த ‘-யு’ உங்கள் கிளையைப் பென் டிரைவோடு கட்டிவிட்டது. ரிமோட் எத்தனை இருந்தாலும் ஸ்டேட்டஸ் அந்த ஒன்றோடு மட்டுமே ஒப்பிடும். ‘கிட் பிராஞ்ச் -யு ஆரிஜின்/மெயின்’ என்று மாற்றுங்கள். ஆரிஜின் என்பது இணையத்தில் உள்ள ரிமோட்டுக்கு வழக்கமாக இருக்கும் பெயர். பென் டிரைவுக்கு அனுப்பும்போது ‘கிட் புஷ் கடை மெயின்’ என்று பெயர் சொல்லியே அனுப்புங்கள்.

தொண்டி:
அந்த இடத்தை நான் கேட்காமல் விட்டுவிட்டேன், நன்றி அக்கா. ஒரே பார்வைக்கு நான் வைத்திருப்பது: ‘கிட் கான்ஃபிக் --குளோபல்’ வழியாக ‘நோட்டம்’ என்று ஓர் அலையஸ் (பல கட்டளைகளுக்கு ஒரே சுருக்கப் பெயர்), பெயர் மட்டும் ஆங்கில எழுத்துகளில். அதன் மதிப்பு ஆச்சரியக்குறியில் தொடங்க வேண்டும். பின்னால் ஃபெட்ச் --ஆல், ரிமோட் -வி, பிராஞ்ச் -விவி, ஸ்டேட்டஸ் -எஸ்பி, ஒவ்வொன்றும் ‘கிட்’ என்ற சொல்லோடு. நடுவே அரைப்புள்ளிதான் போட வேண்டும். இரட்டை ஆம்பர்சாண்ட் போட்டால் பென் டிரைவ் இல்லாத நாளில் ஃபெட்ச் பிழையிலேயே எல்லாம் நின்றுவிடும்.

மண்டபம்:
மாற்றியவுடன் ‘பிஹைண்ட் 3’ என்று வந்துவிட்டது! என் திருத்தத்தைக் கமிட் செய்துவிட்டு ‘கிட் புல் --ரீபேஸ்’ (ரிமோட்டின் கமிட்டுகளை எடுத்து, என்னுடையதை அவற்றுக்கு மேல் வைக்கும் கட்டளை) கொடுத்தேன். நண்பர் எழுதிய விலைக் கணக்கு வந்துவிட்டது. இருவருக்கும் மிக்க நன்றி. மணி நான்கு ஆகிறது, கடைக்குக் கிளம்புகிறேன்.