கடல் இல்லாத நாட்டுக்கு ஒரு சொல் (அவசரம், திங்கள் அச்சு)

கயல்:
அனைவருக்கும் வணக்கம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான ஆப்பிரிக்கப் பொது அறிவு நூல் திங்களன்று அச்சுக்குப் போகிறது. கண்டத்தின் 54 நாடுகளில் 16க்குக் கடல் கிடையாது. படத்தில் அவற்றுக்கு மஞ்சள் பூசியிருக்கிறேன். வண்ண விளக்கக் கட்டத்தில் ஒரு வரிக்குத்தான் இடம். பாடநூல் வழக்கப்படி ‘நிலத்தால் சூழப்பட்ட நாடுகள்’ என்று போட்டால் கட்டத்துக்கு வெளியே வழிகிறது. தவிர, வகுப்பில் படித்துக் காட்டியபோது ஒரு பையன், “நிலம் சூழாத நாடு எது மிஸ்?” என்றான். தீவு என்று சொல்லிச் சமாளித்தேன். அவன் முகத்தில் திருப்தி இல்லை. சுருக்கமாக ஒரு சொல் தாருங்கள்.

புலவர்:
அம்மா கயல், ‘சூழப்பட்ட’ என்ற செயப்பாட்டுவினையை முதலில் தூக்கிப் போடுங்கள். ‘கடல்சூழ் உலகு’ என்று நம் முன்னோர் சொல்லவில்லையா? அதே வார்ப்பில் ‘நிலஞ்சூழ் நாடு’. மகரம் ஞகரமாகத் திரியும். ‘நிலம்சூழ்’ என்று எழுதி என் கண்ணில் படவைக்காதீர்கள். வினைத்தொகை என்பதால் முக்காலத்துக்கும் பொருந்தும்.

வழிப்போக்கன்:
முக்காலத்துக்கும் பொருந்துவதுதான் இடிக்கிறது, ஐயா. எத்தியோப்பியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1952இல் எரித்திரியா அதனோடு கூட்டாட்சியில் சேர்ந்தபோது செங்கடல் கரை கைக்கு வந்தது. 1993இல் எரித்திரியா தனிநாடானதும் கரையும் போயிற்று. கடற்படை மட்டும் துறைமுகம் இல்லாமல் கொஞ்ச காலம் தள்ளாடி 1996இல் கலைந்தது. பத்துக் கோடிக்கு மேல் மக்கள். கடல் இல்லாத நாடுகளில் உலகிலேயே மக்கள்தொகை மிகுந்தது அதுதான். சரக்கில் பெரும்பகுதி ஜிபூட்டி வழியாக வருகிறது. நன்னூலார் வினைத்தொகையைக் ‘காலம் கரந்த பெயரெச்சம்’ என்றார். எத்தியோப்பியர்களிடம் போய்க் காலத்தைக் கரந்து பேசிப் பாருங்கள்!

தேனீ:
ஆங்கிலத்தில் ‘லேண்ட்லாக்டு’ என்கிறார்களே, அப்படியே ‘நிலப்பூட்டு நாடு’? மென்பொருள் மொழிபெயர்ப்பு ஒன்றில் போட்டேன், யாரும் திட்டவில்லை.

வழிப்போக்கன்:
யாரும் படித்திருக்க மாட்டார்கள், தம்பி. தமிழில் ஏரைப் பூட்டுவோம், வண்டி பூட்டுவோம், கதவைப் பூட்டுவோம். நிலத்தைக் கொண்டு நாட்டைப் பூட்டியவர் யார்? ஆனால் ஒன்று, ஜாம்பியாக்காரர்கள் உங்கள் பக்கம் நிற்கலாம். விளைவது செம்பு, போகவேண்டியது கடலுக்கு. 1965இல் தெற்கே ரொடீசியாவின் (இன்றைய ஜிம்பாப்வே) வெள்ளையர் ஆட்சி தன்னிச்சையாக விடுதலை அறிவித்ததும் அந்த வழி சிக்கலானது. அப்புறம் சீன உதவியோடு 1970க்கும் 1975க்கும் இடையில் தான்சானியாவின் தாருஸ்ஸலாம் வரை 1,860 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். பூட்டைத் திறக்க அவ்வளவு நீளச் சாவி.

தேனீ:
சரி அண்ணா, பூட்டை விடுங்கள். ‘சூழ்’ ஏன் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் சொல்கிறேன். காங்கோ மக்களாட்சிக் குடியரசு பரப்பில் கண்டத்தின் இரண்டாவது பெரிய நாடு. ஒன்பது அண்டை நாடுகள். படத்தைப் பார்த்தால் யாரும் நிலஞ்சூழ் நாடு என்றுதான் சொல்வார்கள். ஆனால் மேற்கே சுமார் 40 கிலோமீட்டர் கடற்கரை இருக்கிறது. அது போதும், பட்டியலில் சேராது. 1982 கடற்சட்ட உடன்படிக்கையிலும் வரையறை அப்படித்தான்: கடற்கரை இல்லாத அரசு. எவ்வளவு நிலம் சூழ்ந்திருக்கிறது என்ற பேச்சே அதில் இல்லை. ஆகவே ‘கடலில்லா நாடு’. பிள்ளைகளுக்கும் விளக்கம் வேண்டாம்.

வழிப்போக்கன்:
‘கரையற்ற நாடு’ என்று யாரும் கிளம்புமுன் சொல்லிவிடுகிறேன்: உகாண்டாவுக்கு விக்டோரியா ஏரிக்கரை உண்டு, மலாவியில் அதன் பேர் கொண்ட பெரிய ஏரி உண்டு.

புலவர்:
கரை என்றதும் நினைவு வந்தது. காகம் கரைகிறது, உப்பு நீரில் கரைகிறது, ஆற்றுக்கும் கரை. மூன்றும் ஒரே வேர் என்பது என் நெடுநாள் எண்ணம். அலை ஓயாமல் ஒலித்துக் கரையும் இடம், மண் கரையும் இடம், ஆகவே கரை. இதை ஒரு கட்டுரையாகவே எழுதி வைத்திருக்கிறேன், இணைக்கவா?

கயல்:
ஐயா, அச்சு முடிந்ததும் கட்டாயம் படிக்கிறேன்.

புலவர்:
நல்லது. ‘கடலில்லா’ என்பதில் எனக்கு உடன்பாடில்லை. பிள்ளையில்லாதவள் என்று ஒருத்திக்குப் பேர் வைப்பதுபோல் இருக்கிறது. ஒரு நாட்டை அதன் குறையால் அழைக்கலாமா? நமக்குத் திணை இருக்கிறது. ‘நெய்தலிலி’ எனலாம். லெசோத்தோ முழுக்கக் குறிஞ்சி. அதன் மிகத் தாழ்ந்த இடமே கடல்மட்டத்திலிருந்து 1,400 மீட்டர் உயரம். நைஜர், சாட் வடபகுதி பாலை. அந்தப் பாலையும் பிறவிப் பாலை அன்று. சகாராவில் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் புல்வெளியும் ஏரியும் இருந்தன. அல்ஜீரியாவின் தசிலி பாறைகளில் மாட்டு மந்தைகளை வரைந்து வைத்திருக்கிறார்கள். ‘முல்லையும் குறிஞ்சியும் முறைமையின் திரிந்து’ பாலையாகும் என்று இளங்கோ சொன்னது இங்கே எப்படிப் பொருந்துகிறது பாருங்கள்!

வழிப்போக்கன்:
பொருத்தம் அருமை, சொல் ஆகாது. ‘நெய்தலிலி’ என்பதும் இல்லாமையைத்தானே சொல்கிறது? ‘இல்லா’வில் இருக்கும் குறை ‘இலி’ என்றால் போய்விடுமா?

தேனீ:
நெய்தலிலி, மருந்துப் பேர் மாதிரி இருக்கிறது.

கயல்:
லெசோத்தோ பேச்சு வந்ததால் கேட்கிறேன். அதைச் சுற்றிலும் தென்னாப்பிரிக்கா ஒன்றே. உலகில் இப்படி ஒரே நாட்டின் வயிற்றுக்குள் இருப்பவை மூன்றுதான்: லெசோத்தோ, சான் மரினோ, வத்திக்கான். இதற்குத் தனிச்சொல் வேண்டாமா? ‘உள்நாடு’ என்றால் உள்நாட்டு வணிகம், உள்நாட்டுப் போர் என்று எங்கேயோ போய்விடுகிறது.

வழிப்போக்கன்:
புலவர் ஐயாவின் வார்ப்பை இங்கே பயன்படுத்தலாம்: ‘நாடுசூழ் நாடு’. இங்கே சூழ்வது உண்மையிலேயே ஒரு நாடு, சூழ்தல்தான் செய்தியே. இதற்கு என் வாக்கு. மஞ்சள் கட்டத்துக்குக் ‘கடலில்லா நாடுகள்’.

தேனீ:
அதேதான்.

கயல்:
இன்னும் இரண்டு பேர் தனிமடலில் ‘கடலில்லா’ என்றே எழுதியிருக்கிறார்கள். ஒருவர் ‘எதையாவது போடுங்கள், தூக்கம் வருகிறது’ என்றார். அதையும் ஆதரவாகவே எடுத்துக்கொண்டேன். ‘நிலஞ்சூழ் நாடு’ என்பதைக் கலைச்சொல் பட்டியலில் பிறைக்குறிக்குள் சேர்க்கிறேன். இறுதிப் படம் இணைப்பில்.

தேனீ:
அக்கா, மஞ்சளை எண்ணினேன், 15தான் வருகிறது. சூடான் ஒரே துண்டாக இருக்கிறதே! செங்கடல் கரை இருப்பதால் அதை வெள்ளையாக விட்டிருக்கிறீர்கள். தென்சூடான் 2011இலேயே பிரிந்துவிட்டது. பழைய அடிப்படம்போல.

கயல்:
ஐயோ. ஓவியரைக் கூப்பிடுகிறேன். நன்றி தம்பி.

புலவர்:
கோட்டைத் திருத்துங்கள், அம்மா. ஓவியர் கையோடு கட்டத்தையும் திறப்பார் அல்லவா? ‘நிலஞ்சூழ் நாடுகள்’ அதில் அடங்கும், எழுத்தை எண்ணிப் பார்த்துவிட்டேன். கட்டுரையைத் தனிமடலில் அனுப்பியிருக்கிறேன்.