புதுப்பிப்பு: வாய்மொழித் தேர்வுக்கு அப்பாவும் வந்தார்

முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு அப்பா, அம்மாவை அழைத்துப் போகலாமா, அவர்கள் எதிரே நாக்குழறிவிடுமோ என்று போன வாரம் கேட்டிருந்தேன். பாதிப் பேர் வேண்டாம் என்றீர்கள். அழைத்துப் போய்விட்டேன்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து முதல் பஸ். கருத்தரங்க அறை வாசலிலேயே அப்பா செருப்பைக் கழற்றிவிட்டார். பின்னால் வந்த புறத்தேர்வாளர் ஒரு கணம் தன் காலைப் பார்த்துக்கொண்டார்.

என் ஆய்வு வெள்ளத்தில் மூழ்கும் சம்பா நெல்லைப் பற்றியது. சாதாரண ரகம் நீருக்கு மேலே வர அவசரமாக நீளும். சேமித்த மாவுச்சத்தைத் தீர்த்துவிட்டு, நீர் வடிந்ததும் சாய்ந்துவிடும். வெள்ளம் தாங்கும் ரகமான சி.ஆர். 1009 சப்-1 வளர்ச்சியை அடக்கிக்கொண்டு 10 முதல் 14 நாள் வரை தாக்குப்பிடிக்கும். இதைச் சொல்லும்போதுதான் குரல் நடுங்கியது. அப்பா தலையாட்டினார், நடவுக் கூலிக் கணக்கு சரியாக வந்தால் ஆட்டுகிற அதே ஆட்டல்.

பார்வையாளர்கள் கேட்கலாம் என்றதும் எழுந்துவிட்டார். எனக்கு உயிரே இல்லை.

"தண்ணீர் கலங்கலாக இருந்தால் அத்தனை நாள் தாங்குமா?"

கலங்கல் நீரில் வெளிச்சம் இறங்காது, நாள் குறையும் என்றேன். தேர்வாளர் அதையே பிடித்துக்கொண்டு இன்னும் இரண்டு கேள்வி கேட்டார். ஒன்றில் திணறினேன் (நன்றி, அப்பா). பட்டத்துக்குப் பரிந்துரைத்துவிட்டார்கள். அம்மா தூக்குவாளியைத் திறந்து எல்லாருக்கும் அதிரசம் கொடுத்தார். தேர்வாளர் இரண்டாவதும் கேட்டு வாங்கினார்.